பிழைத்த எழுத்து

வடக்கு மால்டோவா, பெல்ட்ஸ் நகரம், பிப்ரவரி.
ரெவுட் ஆறு உறைந்து கிடக்கிறது; அதன்மேல்
யாரோ சறுக்குவண்டி இழுத்துப்போன தடம்.
காசநோய் ஆய்வகத்தின் மூன்றாம் அறையில்
அக்லாயா கையுறை மாற்றுகிறாள்.
ஆறு வாரம் காத்திருந்து முளைத்தவை இவை:
முட்டைக்கரு ஊட்டிய சரிவில்
காலிஃபிளவர் துணுக்குபோல், வெளிறிய மஞ்சளாய்.
இருபது மணிநேரத்துக்கு ஒருமுறைதான் இரண்டாகும்.
அவசரமே படாத கிருமி.

இரண்டு குழாய்கள். ஒரே வீட்டு முகவரி.
செவஸ்தியான். பரஸ்கீவா.

தாமிரக் கம்பி திருடி நாலு வருஷம் உள்ளே இருந்தவன் அவன்.
இருமிக்கொண்டே வெளியே வந்தான்.
அடுத்த குளிர்காலம் அவளுக்கும் சளியில் ரத்தம்.
ஊருக்கு அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?
கொண்டுவந்து கொடுத்துவிட்டான் என்றது ரொட்டிக்கடை.
அவளும் நம்பினாள்.
அவனும்தான்.
முற்றத்துக் கோடைச் சமையலறையில் படுத்துக்கொண்டான்.
தன் கரண்டிக்குச் சிவப்பு நூல் சுற்றிவைத்தான்.

நாலே எழுத்துள்ள மொழி அது.
நாற்பத்துநாலு லட்சம் எழுத்து,
புள்ளி வைக்காத ஏடுபோல் ஒரே ஓட்டம்.
பக்கத்து ஏட்டிலிருந்து ஒரு வரிகூட இரவல் வாங்காது.
படியெடுக்கையில் எப்போதாவது கை தவறும்,
இரண்டு மூன்று வருஷத்துக்கு ஓர் எழுத்து,
கரை கறையாகிற அளவுக்கு.

பெரும்பாலான தவறுக்கு அர்த்தமில்லை.
ஏதோ ஒன்றுக்கு இருக்கும்.
சிறுநீரை ஆரஞ்சாக்கும் அந்த மாத்திரை
கொக்கி மாட்டுகிற இடத்தில்
ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும்.
மாத்திரை அதை மாற்றவில்லை.
சிறையில் ஒரு மாதம் மருந்து வந்தது,
மறுமாதம் வரவில்லை.
வந்த மாதத்தில்
திருத்தமாய் எழுதப்பட்டவை எல்லாம் செத்தன.
பிழைத்தது பிழை.
நம் மொழி இதை எப்போதோ
ஒரே சொல்லில் போட்டு வைத்திருக்கிறது.

இரண்டையும் திரையில் வரிக்கு வரி அடுக்கினாள் அக்லாயா.
ஐந்தெழுத்துக்குள் வேறுபாடென்றால்
ஒருவரிடமிருந்து ஒருவருக்கு.
அவள் எதிர்பார்த்தது இரண்டோ மூன்றோ.
வந்தது ஆயிரத்துச் சொச்சம்.
மறுபடி ஓட்டினாள். குழாய் மாறியதோ என்று
ஒட்டுச்சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
மாறவில்லை.
அவனுடையது கிழக்கிலிருந்து ரயிலேறி வந்த வம்சம்.
அவளுடையது வேறு கொடி.
மூன்று வருஷம் முந்தைய ஒரு மாதிரிக்கும் அதற்கும்
ஓர் எழுத்துதான் வித்தியாசம்.
அந்த எண்ணுக்குரிய பெயரைத் திறந்து பார்க்க அனுமதியில்லை.
தையல் ஆலையில் பக்கத்து இயந்திரமாக இருக்கலாம்.
யார் கல்யாணத்திலோ வட்டமாய்த் தோள்பிடித்து
ஆடிய ஒருவராக இருக்கலாம்.

படிவத்தில் ஒவ்வொரு மருந்துக்கும் கட்டம் உண்டு:
கேட்கும், கேட்காது.
இவன் கொடுக்கவில்லை என்று எழுதக் கட்டமில்லை.
குறிப்பு என்ற ஒற்றை வரியில்
'இரண்டுக்கும் உறவில்லை' என்று எழுதிக்
கையெழுத்திட்டுத் தேநீருக்குப் போனாள்.

மருத்துவர் வாசித்துச் சொன்னார்.
இன்னும் தனித்தனியே படுங்கள் என்றும் சொன்னார்.
"அப்போ யாரு?" என்றாள் பரஸ்கீவா.
செவஸ்தியான் எதுவும் கேட்கவில்லை.
பதினாலு மாதம் சுமந்த மூட்டையை
இறக்கிவை என்றால்
கையை எங்கே வைத்துக்கொள்வது?
திரும்பும் பேருந்தில், வால்நட் மரங்கள் கடந்தபின் சொன்னான்:
"நோயிலகூட நமக்குப் பொதுவா ஒண்ணும் இல்ல."
அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

மாத்திரைகளும் வேறாயின.
அவனுக்கு ஜூனில் முடிந்தது.
அவளுக்கு இன்னும் ஏழு மாதம்;
அதில் ஒன்று பாதத்தில் எறும்பு ஊரவைக்கிறது.
மறுநாள் காலையும் மருந்து வரிசையில் அவன்.
உங்களுக்குத்தான் முடிந்துவிட்டதே என்றாள் செவிலி.
"தெரியும்" என்றான்,
அவள் காலணியின் கயிற்றைத் தளர்த்தக் குனிந்தபடி.